பாபர் ஆசமின் வாட்ஸ்அப் உரையாடலை டிவியில் காட்டியது சரியா?

சேப்பாக்கம் கேலரி:
2023 உலகக் கோப்பையின்போது பாகிஸ்தான் கேப்டன் பாபர் ஆசமின் வாட்ஸ்அப் உரையாடல் அந்நாட்டு ஏஆர்ஒய் சேனலில் காட்டப்பட்டது. "ரெண்டு வரிதானே, அதில் என்ன தப்பு?" என்று வேறொரு திரியில் ஒருவர் கேட்டிருந்தார். என்னால் அதை ஏற்கவே முடியவில்லை, அதனால்தான் இந்தத் தனித் திரி.

தெரியாதவர்களுக்காக: இந்தியா, ஆஸ்திரேலியா, ஆப்கானிஸ்தான், தென்னாப்பிரிக்கா என வரிசையாக நான்கு தோல்வி. கடைசி இரண்டும் நம் சேப்பாக்கத்தில். அப்போது முன்னாள் கேப்டன் ரஷீத் லத்தீஃப், பாபர் தொடர்பு கொண்டும் பாகிஸ்தான் கிரிக்கெட் வாரியத் தலைவர் ஜகா அஷ்ரஃப் பதில் சொல்வதில்லை, வீரர்களுக்கு ஐந்து மாதமாகச் சம்பளமும் இல்லை என்று டிவியில் சொன்னார். தலைவர் மறுத்தார். அதற்கு ஆதாரமாகத் திரையில் வந்ததுதான் அந்த உரையாடல். தலைவருக்கு போன் செய்தீர்களா என்று வாரியத்தின் தலைமை இயக்க அதிகாரி கேட்கிறார், செய்யவில்லை என்கிறார் பாபர். அவ்வளவுதான். ஆனால் அது அவர் தன் அதிகாரிக்கு அனுப்பிய பதில், நமக்கு அனுப்பியது இல்லை. தொடரின் நடுவில், அடுத்த ஆட்டத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்த கேப்டனுக்கு அவருடைய வாரியமே இப்படிச் செய்யலாமா?

லெக் ஸ்லிப்:
அந்த ரெண்டு வரி என்று எழுதியவன் நான்தான். இப்போதும் அதையேதான் சொல்கிறேன். கேப்டன் கூப்பிட்டால் போனை எடுக்காத தலைவர் என்று நாடு முழுக்க ஒருவரைப் பற்றிப் பேச்சு. அது பொய் என்பதற்கு ஆதாரம் கையில் இருக்கிறது. அதைக் காட்டாமல் என்ன செய்வார்? உரையாடலில் பாபரின் குடும்பமோ உடல்நிலையோ எதுவும் இல்லை, அவரைத் தலைகுனிய வைக்கும் ஒரு சொல்கூட இல்லை. வேலை தொடர்பான ஒரு கேள்வி, ஒரு பதில்.

சேப்பாக்கம் கேலரி:
"நான் போன் செய்யவில்லை" என்று பாபரையே ஒரு வரி அறிக்கை விடச் சொல்லியிருக்கலாமே. அவர் அப்போது கேப்டன், அடிக்கடி பத்திரிகையாளர்கள் முன் உட்கார்ந்தவர். அவர் வாயால் வந்திருந்தால் விஷயம் அன்றே முடிந்திருக்கும். அந்த நிகழ்ச்சியில் உட்கார்ந்திருந்த முன்னாள் பாகிஸ்தான் கேப்டன் அசார் அலியே, காட்டுவதற்கு முன் பாபரிடம் அனுமதி வாங்கினீர்களா என்று கேட்டார். பாபரை விட்டுவிடுங்கள் என்று இன்னொரு முன்னாள் கேப்டன் வக்கார் யூனிஸும் கோபமாக எழுதினார். அந்த டிரெஸ்ஸிங் ரூமில் இருந்தவர்களுக்கு இது எங்கே வலிக்கும் என்று தெரிகிறது.

இன்னொன்று. அதிகாரி கேட்டது போனைப் பற்றி. லத்தீஃப் சொன்னதில் மெசேஜும் இருந்தது. சம்பளமும் இருந்தது. ஸ்கிரீன்ஷாட் அதற்கெல்லாம் பதில் சொல்லவே இல்லை. வீரரின் நம்பிக்கையைக் கொடுத்து வாங்கியது பாதி பதில்தான்.

யாழ் வலதுகை:
இதைப் பார்க்க எனக்கு 2012 தான் ஞாபகம் வருகுது. தென்னாபிரிக்க வீரர்களுக்கு இங்கிலாந்து வீரர் பீட்டர்சன் அனுப்பின மெசேஜ்களில் தன் கேப்டன் ஸ்ட்ராஸைப் பற்றித் தரக்குறைவாக ஏதோ இருந்தது என்று கதை வந்தது. ஹெடிங்லியில் 149 அடித்தவரை அடுத்த லார்ட்ஸ் டெஸ்டுக்கு எடுக்கவில்லை. அது ஸ்ட்ராஸின் 100வது டெஸ்ட், அதிலும் இங்கிலாந்து தோற்று, டெஸ்ட் தரவரிசையில் முதலிடமும் போனது. கொஞ்ச நாளில் ஸ்ட்ராஸே ஓய்வை அறிவித்தார். அந்த மெசேஜில் என்ன சொற்கள் இருந்தன என்று ரசிகர்கள் ஒருவரும் பார்த்ததே இல்லை. பார்க்காமலே பாதிப் பேர் அவரைத் துரோகி என்றார்கள். அந்த ஆண்டு கடைசியில் மும்பையில் அவர் 186 அடித்தபோது அதே ஆட்கள் கைதட்டினார்கள்.

லெக் ஸ்லிப்:
நீங்கள் சொல்வது என் பக்கத்துக்குத்தான் உதவுகிறது. வெளியே காட்டாததால் ஊகம் பெருகியது. பாபர் விஷயத்தில் காட்டியதால் ஊகத்துக்கு இடமில்லை.

நித்யா கோவை:
ரெண்டு பேரும் ஒரு விஷயத்தை விட்டுவிட்டீர்கள். யார் வெளியிடுகிறார் என்பது முக்கியம். 2022இல் இந்திய விக்கெட் கீப்பர் விருத்திமான் சாஹா தனக்கு வந்த மெசேஜ்களை வெளியிட்டார். பேட்டி தராததற்காக ஒரு பத்திரிகையாளர் மிரட்டும் தொனியில் அனுப்பியவை அவை. பிசிசிஐ விசாரித்து அந்தப் பத்திரிகையாளருக்கு இரண்டு ஆண்டு தடை போட்டது. அங்கே சாஹா பலவீனமான பக்கத்தில் இருந்தார், தன்னைக் காத்துக்கொள்ள அவருக்கு வேறு வழியில்லை.

ஆஸ்திரேலிய கேப்டனாக இருந்த டிம் பெய்ன் விவகாரமும் அப்படித்தான். 2017இல் உடன் பணிபுரிந்த பெண்ணுக்கு அவர் அனுப்பிய மெசேஜ்கள் 2021 நவம்பரில் வெளியே வந்தன, இங்கிலாந்துடனான ஆஷஸ் தொடர் தொடங்கும் முன் கண்ணீரோடு கேப்டன் பதவியை விட்டார். "பழைய கதையை ஏன் கிளறுகிறார்கள்?" என்று எத்தனை ரசிகர்கள் கொதித்தார்கள்! அந்தப் பெண் புகார் கொடுத்திருந்தார் என்பதைப் பற்றி யாரும் பேசவில்லை. அந்தரங்கம் என்ற பெயரில் அவர் வாயை மூடுவதை நான் ஒருநாளும் ஏற்க மாட்டேன்.

ஆனால் பாபர் யாருக்கும் தீங்கு செய்யவில்லை. காட்டியது வாரியத்தின் பக்கம், அதாவது அவருக்குச் சம்பளம் கொடுக்கும் பக்கம். சாஹாவை வைத்து இதை நியாயப்படுத்த முடியாது.

லெக் ஸ்லிப்:
பெய்ன் விஷயத்தில் முழுக்க உடன்படுகிறேன். பாபரில் உடன்பாடு இல்லை. பொதுப் பதவியில் இருப்பவர் மீது பொய் சொன்னால் அவரும் பாதிக்கப்பட்டவர்தான். அப்புறம், இந்த ஸ்கிரீன்ஷாட்டால்தான் பாபர் கேப்டன் பதவியை இழந்தார் என்று யாரும் எழுத வேண்டாம். உலகக் கோப்பையில் ஒன்பது ஆட்டத்தில் நான்கே வெற்றி, அதனால் நவம்பர் 15 அன்று விலகினார்.

சேப்பாக்கம் கேலரி:
நானும் அப்படிச் சொல்லவில்லை. தென்னாப்பிரிக்காவிடம் ஒரு விக்கெட்டில் தோற்ற அந்த ஆட்டத்தில் பாபர் 50 அடித்தார், அதற்குமுன் ஆப்கானிஸ்தானுடன் 74. தோல்வியைப் பற்றி அவரிடம் எவ்வளவு வேண்டுமானாலும் கேளுங்கள், அது ரசிகனின் உரிமை. வாரியம் தென்னாப்பிரிக்க ஆட்டத்துக்கு முந்தைய நாளே, அணித் தேர்வில் பாபருக்கும் தேர்வுக்குழுத் தலைவர் இன்சமாமுக்கும் முழுச் சுதந்திரம் கொடுத்தோம் என்று அறிக்கை விட்டது. பழியை அவர்கள் தலையில் இறக்கும் வேலை அப்போதே தொடங்கிவிட்டது. ஸ்கிரீன்ஷாட் அதன் தொடர்ச்சி என்றுதான் நான் பார்க்கிறேன்.

நம் பக்கமும் ஒரு கேள்வி. அந்தப் படம் இந்திய ரசிகர் குழுக்களில் சிரிப்பான்களோடு சுற்றியது. 2024 ஐபிஎல்லில், நண்பர்களோடு பேசுவதைக்கூட ஒலியோடு பதிவு செய்கிறார்கள் என்று ரோகித் சர்மா ஸ்டார் ஸ்போர்ட்ஸ் மீது குற்றம் சாட்டினார். ஒலியை ஒளிபரப்பவில்லை என்று அந்தச் சேனல் மறுத்தது. ஆனாலும் இங்கே எல்லாரும் ரோகித் பக்கம் நின்றார்கள். தோனியின் வாட்ஸ்அப் இப்படி டிவியில் வந்திருந்தால் இந்தத் திரி எப்படி எரிந்திருக்கும்?

லெக் ஸ்லிப்:
தோனி என்றாலும் இதையேதான் எழுதுவேன். ஆனால் பாபரிடம் முதலில் கேட்டிருக்க வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவர் மறுத்திருந்தால்? அப்போதும் தலைவர் அதைக் காட்டலாம் என்பேன்.

நித்யா கோவை:
அவர் மறுத்த பிறகும் காட்டலாம் என்றால் எதற்குக் கேட்பது?