தலைவர் பையன், துணைத்தலைவர் பெண். இது எப்போது மாறும்?

கேள்வி:
எங்கள் கல்லூரியில் பாதிக்கு மேல் பெண்கள்தான். ஆனால் மாணவர் பேரவைத் தலைவர் பதவிக்கு இதுவரை ஒரு பெண்கூட நின்றதில்லை, துணைத்தலைவர், கலைவிழாப் பொறுப்பு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். இந்த வருடம் நான் நிற்கலாம் என்றிருக்கிறேன். எங்கிருந்து தொடங்குவது?

பதில் 1:
நில்லுங்கள் தோழி! கேரளக் கல்லூரிகளில் துணைத்தலைவர் பதவியைப் பெண்களுக்கென்றே ஒதுக்குகிறார்கள், நல்லதுதான், ஆனால் அப்போது தலைவர் பதவி ஆண்களுக்கு என்ற நினைப்பும் கூடவே வந்துவிடுகிறது. மாணவர் தேர்தல்களை முறைப்படுத்த வந்த 2006 லிங்டோ குழுவின் விதிப்படி ஒரு வேட்பாளர் 5,000 ரூபாய்க்கு மேல் செலவு செய்யக் கூடாது, அச்சடித்த போஸ்டரும் கூடாது, கையால் எழுதியதுதான். பணபலம் இல்லாதவர்களுக்கு இது பெரிய உதவி.

பதில் 2:
முதலில் கூட்டம் நடக்கும் நேரத்தைப் பாருங்கள். எங்கள் காலத்தில் எல்லா முடிவும் இரவு எட்டு மணிக்கு டீக்கடையில்தான், பெண்கள் விடுதிக் கதவையோ ஆறரைக்கே பூட்டிவிடுவார்கள், அப்புறம் எங்கே பேசுவது? மதிய இடைவேளைக்கு மாற்றச் சொல்லிப் போராடித்தான் வாங்கினோம்.

பதில் 3:
இன்னொன்று. பாலியல் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழுவில், மாணவர் சம்பந்தப்பட்ட புகார் என்றால், தேர்தல் மூலம் வந்த 3 மாணவர்கள் இருக்க வேண்டும் என்கிறது யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2015 விதிமுறை. உங்கள் கல்லூரியில் அந்தத் தேர்தல் நடக்கிறதா? இல்லையென்றால் அதையே முதல் வாக்குறுதியாக வையுங்கள்.