சென்னையில் பாட்டியை ஐஸ்கிரீம் சாப்பிட எங்கே கூட்டிப்போவது?

தாம்பரத்துப் பொண்ணு:
கோயம்புத்தூரிலிருந்து சித்தி குடும்பம் சனிக்கிழமை வருகிறது. கூடவே பாட்டி, வயது 78, முழங்கால் வலி. இரண்டு வாண்டுகளும் உண்டு. ஒரே ஒரு சாயங்காலம்தான் கையில் இருக்கிறது. "வேற எதுவும் வேண்டாம், நல்லதா ஒரு ஐஸ்கிரீம் வாங்கிக் குடு" என்று பாட்டி போனிலேயே சொல்லிவிட்டாள். எங்கே போகலாம்? இடத்தோடு காரணத்தையும் சொல்லுங்கள்.

உப்புக்காற்று:
பெசன்ட் நகர் கடற்கரை. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? வெயில் தாழ்ந்ததும் போய், ஆளுக்கொரு கப் வாங்கிக்கொண்டு மணலில் உட்காருங்கள். கார்ல் ஷ்மிட் நினைவுச் சின்னத்தைச் சுற்றிக் குழந்தைகள் ஓடட்டும், பாட்டி வேடிக்கை பார்க்கட்டும். ஐஸ்கிரீம் வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் பதில் சொல்ல வந்த சாமான். அதைப் போய் ஏசிக்குள் ஸ்வெட்டர் தேடிக்கொண்டு சாப்பிடுவானேன்?

ஏசி கட்சி:
முழங்கால் வலி என்று அந்தப் பெண் எழுதியிருக்கிறார். நீங்கள் பாட்டியை மணலில் உட்கார வைக்கிறீர்கள். எழுப்பிவிடவும் நீங்களே வருவீர்களா?

நானும் அந்தக் கடற்கரையில் கோன் வாங்கியவன்தான். மீதிச் சில்லறையை வாங்கிச் சட்டைப்பையில் போடுவதற்குள் விரல் இடுக்கில் ஒழுகிவிட்டது. மூன்றாவது வாய்க்குக் காற்றோடு மணலும் சேர்ந்து வந்தது. அதற்கப்புறம் நான் சாப்பிட்டதை ஐஸ்கிரீம் என்று சொல்ல முடியாது. நாற்காலி, குளிர், கை கழுவத் தண்ணீர், அவசரத்துக்கு ஒரு பாத்ரூம். இந்த நாலும் இருக்கிற இடம்தான் ஐஸ்கிரீம் சாப்பிடும் இடம். ஐபாக்கோ மாதிரி ஒரு கடைக்குக் கூட்டிப்போங்கள். வாண்டுகள் கண்ணாடியில் மூக்கை ஒட்டி, வேண்டியதைக் கைகாட்டி எடுத்துக்கொள்ளும். எடை போட்டுத்தான் காசு.

ஐஸ்ஹவுஸ் பையன்:
கடற்கரைக்கே என் ஓட்டு. வரலாறே நம் பக்கம். இந்த ஊருக்குள் ஐஸ் எங்கே வந்து இறங்கியது? மெரினா சாலையில், எங்கள் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி. பாஸ்டன்காரர் ஃபிரெடெரிக் டியூடர் 1842-இல் கட்டிய ஐஸ் ஹவுஸ்தான் அது. அமெரிக்காவில் பனிக்காலத்தில் உறைந்த ஏரிகளை அறுத்து, மரத்தூளில் புதைத்து, பாய்மரக் கப்பலில் ஏற்றி உலகத்தைச் சுற்றிக் கொண்டுவந்து இங்கே அடுக்கினார்கள். இங்கேயே ஐஸ் தயாரிக்க வழி வந்ததும் அந்த வியாபாரம் படுத்துவிட்டது. 1897-இல் விவேகானந்தர் வந்து தங்கியதும் அதே கட்டடத்தில்தான். இப்போது விவேகானந்தர் இல்லம் என்கிறோம். ஆக, மெட்ராஸில் குளிர்ச்சி என்றாலே அது கடற்கரைச் சொத்து.

ஏசி கட்சி:
தம்பி, நீ எனக்குத்தான் சாட்சி சொல்லியிருக்கிறாய். வந்திறங்கிய ஐஸை மணலில் போட்டு வைத்தார்களா? தடிமனாகச் சுவர் எழுப்பி, கதவைச் சாத்தி உள்ளே வைத்தார்கள். வெளியே வைத்தால் என்ன ஆகும் என்று அந்த பாஸ்டன்காரருக்கே தெரிந்திருக்கிறது.

ஐஸ்ஹவுஸ் பையன்:
:-) சரி, இதற்கு நாளை பதில் எழுதுகிறேன்.

மாமதுரை:
சண்டையே வேண்டாம். விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜிகர்தண்டா.

ஏசி கட்சி:
கேள்வி சென்னையைப் பற்றி. அதோடு ஜிகர்தண்டா குடிக்கிற சாமான்.

மாமதுரை:
குடிக்கிற சாமானா? பாதாம் பிசினும் நன்னாரியும் பாலும் குடிக்கிறதுதான், ஒத்துக்கொள்கிறேன். மேலே ஒரு கரண்டி வைக்கிறார்களே, பாய் ஐஸ்கிரீம், அதைக் குடிக்க முடியுமா? பாலைச் சுண்டச் சுண்டக் காய்ச்சி, பழுப்பேறி, அடிப்பிடிப்பதற்கு ஒரு நிமிஷம் முன்னால் இறக்கிய வாசனை அதில் இருக்கும். உங்கள் ஊர்க் கண்ணாடிப் பெட்டியில் முப்பது நிறம் இருக்கிறதே, அந்தப் பழுப்பு இருக்கிறதா?

தாம்பரத்துப் பொண்ணு:
அண்ணா, பாட்டி வருவது கோவை ரயிலில். மதுரையைச் சுற்றிக்கொண்டு வராது.

பால் சொசைட்டி:
பால் பொருள் தயாரிப்பில் பதினெட்டு வருடம் ஓட்டியவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். எந்த இடம் என்று அடித்துக்கொள்வதற்கு முன்னால் கையில் இருக்கிற கப்பைத் திருப்பிப் பாருங்கள். ஐஸ்கிரீம் என்று போட்டிருக்கிறதா, ஃப்ரோசன் டெசர்ட் என்று போட்டிருக்கிறதா? சாதா ஐஸ்கிரீம் என்று பெயர் வைக்க வேண்டுமானால் பால் கொழுப்பு குறைந்தது 10 சதவீதம் இருக்க வேண்டும் என்பது நம் நாட்டு விதி. ஃப்ரோசன் டெசர்ட்டில் பால் கொழுப்புக்குப் பதிலாகத் தாவரக் கொழுப்பு போடலாம். சாப்பிட்டால் ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் பால் கொழுப்பு நாக்குச் சூட்டிலேயே கரைந்து போய்விடும். மற்றது சில சமயம் மேலண்ணத்தில் மெழுகு தடவியது போல் நின்றுவிடும். முடித்த பிறகும் தண்ணீர் குடிக்கத் தோன்றினால் அதுதான் விஷயம்.

அப்புறம் காற்று. ஐஸ்கிரீமைக் கடையும்போது காற்றைச் சேர்ப்பார்கள். ஒரு லிட்டர் ஐஸ்கிரீம் 525 கிராமுக்குக் குறையக் கூடாது என்று விதியே இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. மீதியை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், பாதிக்குப் பாதி காற்று இருக்கலாம். இது ஏமாற்று வேலை இல்லை. காற்றே இல்லையென்றால் கரண்டி இறங்காது, பாறை மாதிரி இருக்கும். ஆனால் எவ்வளவு என்று ஒன்று இருக்கிறது அல்லவா? லிட்டர் கணக்கில் வாங்கினால் காற்றுக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறோம். எடை போட்டுக் கொடுக்கும் கடையை ஏசி கட்சி சொன்னாரே, அந்த ஒரு விஷயத்தில் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது.

மூன்றாவது, உருகி மறுபடி உறைந்த சரக்கு. எங்கள் வீட்டுப் பக்கம் ஒரு கடையில் ராத்திரி ஃப்ரீஸரை அணைத்துவிட்டுப் போவார்கள். காலையில் போட்டால் பார்க்கப் பழையபடி இருக்கும். மூடியைத் திறந்தால் ஓரமெல்லாம் ஐஸ் ஊசி, உள்ளே சர்க்கரைப் பாகு தேங்கிப்போய், வாயில் வைத்தால் நறநறவென்று இருக்கும். ஏசி கட்சி மணல் என்று நினைத்ததில் பாதி இதுவாகவும் இருக்கலாம்! ஆகவே கூட்டம் இருக்கிற இடமாகப் பார்த்து வாங்குங்கள். சரக்கு நிற்காமல் ஓடும். அது கடற்கரை வண்டியானால் என்ன, கண்ணாடிக் கடையானால் என்ன.

சௌகார்பேட்டை ராத்திரி:
காற்றே வேண்டாமென்றால் குல்ஃபி. கடைவதே கிடையாது, அதனால் காற்று அவ்வளவாகச் சேராது. மிண்ட் தெருப் பக்கம் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் வாருங்கள். சிவப்புத் துணி சுற்றிய பானை, உள்ளே ஐஸும் கல்லுப்பும். உப்பு சேர்ந்தால் ஐஸின் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே இன்னும் இறங்கும். கரன்ட் இல்லாத ஃப்ரீஸர் அதுதான். குழாயை உள்ளங்கையில் இரண்டு உருட்டு உருட்டித் தட்டினால் முழுசாக வழுக்கி வெளியே வரும். கத்தியால் வட்டம் வட்டமாக நறுக்கி இலையில் வைத்துக் கொடுப்பார்கள். ஏலக்காய் பல்லில் மாட்டும். நின்றபடி சாப்பிட வேண்டியதுதான்.

ஏசி கட்சி:
மறுபடியும் நின்றபடி! இந்த ஊரில் பாட்டிகளை யாரும் உட்கார விடமாட்டீர்களா?

பழைய மவுண்ட் ரோடு:
நீங்கள் எல்லோரும் சின்னப் பிள்ளைகள். பூந்தமல்லி நெடுஞ்சாலை தாசப்பிரகாஷ் ஓட்டலில் சாப்பிட்டவன் எழுதுகிறேன். பள்ளி இறுதித் தேர்வு முடிந்த சாயங்காலம் அப்பா கூட்டிப்போனார். உயரமான கண்ணாடித் தம்ளர், அதன் அடியைத் தொடும் அளவுக்கு நீளமான கரண்டி. அடியில் பழம், நடுவில் ஐஸ்கிரீம், மேலே சூடான சாக்லேட் பாகு. சூடும் குளிரும் ஒரே வாயில் போகலாம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அப்பா தனக்கு ஒன்றும் வாங்கிக்கொள்ளவில்லை. காபி மட்டும் குடித்தார். அந்த இடத்தில் சத்தமாகப் பேசக்கூடத் தோன்றாது.

உப்புக்காற்று:
ஐயா, படிக்கவே நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த ஓட்டல் இன்றைக்கு அங்கே இல்லையே. இருக்கிற இடமாகச் சொல்லுங்கள்.

பழைய மவுண்ட் ரோடு:
இருந்தால் சொல்ல மாட்டேனா?

ராயபுரத்தான்:
பெரியவர் சொன்ன தாசப்பிரகாஷும் குவாலிட்டியும் ஜாயும் கொடிகட்டிப் பறந்த ஊரில்தான் எங்கள் ராயபுரத்தில் 1970-இல் ஒருத்தர் பதின்மூன்றாயிரம் ரூபாய் முதலில் குச்சி ஐஸ் போட்டுத் தள்ளுவண்டியில் விற்க ஆரம்பித்தார். ஆர்.ஜி. சந்திரமோகன். அதுதான் அருண் ஐஸ்கிரீம்ஸ். பெரிய கடைகளோடு மோதாமல் கல்லூரி ஹாஸ்டல்களுக்குப் போட்டார், அப்புறம் பெரிய பிராண்டுகள் எட்டிப் பார்க்காத சின்ன ஊர்களுக்குப் போனார். இன்றைக்கு ஏசி கட்சி தூக்கிப்பிடிக்கிற ஐபாக்கோவும், அருணை நடத்துகிற அதே ஹட்சன் கம்பெனி வீட்டுப் பிள்ளைதான். நீங்கள் பளபளவென்று பார்க்கிற கண்ணாடிக் கடைக்கு எங்கள் தள்ளுவண்டிதான் தாத்தா. அதனால் வண்டியை இளக்காரமாகப் பேசாதீர்கள்.

உப்புக்காற்று:
ராயபுரத்தாரே, கையெடுத்துக் கும்பிடுகிறேன். எனக்கு வேண்டிய சீட்டை நீங்களே எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள். அருண் கோயம்புத்தூரில் இல்லையா? ஐபாக்கோ இல்லையா? கண்ணாடிப் பெட்டியும் ஏசியும் நாற்காலியும் அங்கே இல்லையா? ரயிலேறி ஐந்நூறு கிலோமீட்டர் வந்த பாட்டிக்கு ஆர்.எஸ்.புரத்தில் கிடைப்பதையே வாங்கிக் கொடுத்து அனுப்புவீர்களா? கோயம்புத்தூரில் சிறுவாணித் தண்ணீர் உண்டு, இதமான காற்று உண்டு, பக்கத்திலேயே மலை உண்டு. இல்லாதது கடல் ஒன்றுதான்.

பால் சொசைட்டி:
இது நல்ல பாயிண்ட்.

ஏசி கட்சி:
நல்ல பாயிண்ட்தான், மறுக்கவில்லை. ஆனால் பாட்டி கேட்டது கடலா, ஐஸ்கிரீமா? கடல் பார்க்க வேண்டுமென்றால் கடலைப் பார்க்கட்டும், பார்த்துவிட்டுக் கடைக்கு வரட்டும். இரண்டையும் ஒரே கையில் பிடித்தால்தான் ஒழுகுகிறது. உங்களுக்குப் பிடித்திருப்பது கடற்கரை. ஐஸ்கிரீம் அங்கே சும்மா கையில் இருக்கிறது, அவ்வளவுதான். அதே இடத்தில் சுண்டல் பொட்டலத்தைக் கொடுத்தாலும் இதே பாராட்டுப் பத்திரம் எழுதியிருப்பீர்கள்.

உப்புக்காற்று:
எழுதியிருப்பேன். அதனால் என்ன? பெரியவர் எழுதியதை மறுபடி படியுங்கள். அவருக்கு ஞாபகம் இருப்பது பால் கொழுப்பு எத்தனை சதவீதம் என்றா? நீளக் கரண்டியும், அப்பா காபி குடித்ததும். நாக்கு மட்டுமா சாப்பிடுகிறது?

பால் சொசைட்டி:
என்னைக் கிண்டல் செய்வது புரிகிறது. ஆனால் தாசப்பிரகாஷில் நல்ல பால் போடாமல் இருந்திருந்தால் பெரியவருக்கு அந்தக் கரண்டியும் ஞாபகம் இருந்திருக்காது. எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய மவுண்ட் ரோடு:
பால் சொசைட்டி தம்பி சொல்வதும் சரிதான். அடுத்த வருடமே வேறொரு இடத்துக்கும் அப்பா கூட்டிப்போனார். அந்த இடத்தின் பெயர்கூட இப்போது வரவில்லை.

ஐஸ்ஹவுஸ் பையன்:
நேற்றைய பதில்: கெட்டிச் சுவருக்குள் ஐஸை வைத்தது உருகாமல் இருக்க. அப்புறம் வெளியே எடுத்தது எதற்கு? உருகத்தான்!

ஏசி கட்சி:
இதை யோசிக்க ஒரு நாள் ஆனதா?

தாம்பரத்துப் பொண்ணு:
எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

சனிக்கிழமை சாயங்காலம் பெசன்ட் நகருக்கே போனோம். உப்புக்காற்று அண்ணா சொன்ன கோயம்புத்தூர் நியாயம் சித்தப்பாவுக்குப் பிடித்துவிட்டது. ஆறாவது நிழற்சாலையில் வண்டியை நிறுத்த இடம் தேடியே இருபது நிமிஷம் போயிற்று. கடைசியில் கடலைப் பார்த்த மாதிரி ஒரு இடம் கிடைத்தது. நான் கதவைத் திறந்தேன். பாட்டி மணலைப் பார்த்தாள், முழங்காலைத் தடவினாள், "நான் இங்கியே இருந்துக்கறேன் கண்ணு" என்று சொல்லிவிட்டாள்.

கூட்டம் மொய்த்த ஒரு வண்டியாகப் பார்த்து வாங்கினேன். கப்பைத் திருப்பியும் பார்த்தேன் (பால் சொசைட்டி சார், ஐஸ்கிரீம் என்றுதான் போட்டிருந்தது). பாட்டிக்கு வெனிலாதான் வேண்டுமாம், அதுவும் மர ஸ்பூனோடு. டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் சாய்ந்துகொண்டு, மூடியின் உள்பக்கத்தை முதலில் வழித்துவிட்டு, கடலைப் பார்த்தபடி ஒரு கப்பை அரை மணி நேரம் சாப்பிட்டாள். கடைசியில் பாலாகிவிட்டதை அப்படியே கவிழ்த்துக் குடித்தாள். வாண்டுகளின் கோன் இரண்டும் மணலில் விழுந்தன. ஒன்றுக்கு மாற்று வாங்கிக் கொடுத்தோம், இன்னொன்றுக்கு அழுகை.

ஐஸ்ஹவுஸ் பையன்:
கடற்கரை கட்சிக்கு வெற்றி.

ஏசி கட்சி:
எப்படி? நாற்காலி இருந்திருக்கிறது. சாய்மானம்கூட இருந்திருக்கிறது. மணல் காலில் படவில்லை. காரில் ஏசி ஓடியதா இல்லையா, அதை மட்டும் சொல்லச் சொல்லுங்கள்.

தாம்பரத்துப் பொண்ணு:
ஓடியது.

உப்புக்காற்று:
கண்ணாடி ஏற்றியிருந்ததா, இறக்கியிருந்ததா?

தாம்பரத்துப் பொண்ணு:
பாதி இறக்கியிருந்தது.