நடுத்தெரு வீட்டார் குழு: ரியாஸுக்கு வந்த கடிதம்

ரியாஸ்: அஸ்ஸலாமு அலைக்கும். யாராவது இருக்கிறீர்களா? கம்பெனியிலிருந்து இங்கிலீஷில் ஒரு கடிதம் வந்திருக்கிறது. இன்றைக்குள் ஏதோ எழுதிக் கொடுக்க வேண்டுமாம்.

ஃபாத்திமா லாத்தா: வ அலைக்கும் ஸலாம். என்ன கடிதம்டா?

நூரு பெரியம்மா: வ அலைக்கும் ஸலாம். வலீமா கல்யாண விருந்துக்குத் தொதல் அல்வா எத்தனை கிலோ என்று இன்னும் ஒருவரும் சொல்லவில்லை.

ரியாஸ்: குடோனில் 14 பெட்டி கணக்கில் குறைகிறது. நான் ஊருக்கு வந்திருந்த வாரம் அது. முதல் வரியிலேயே 'அக்னாலெட்ஜ்' பண்ணு என்று இருக்கிறது. போனில் அகராதியில் பார்த்தால் 'ஒப்புக்கொள்' என்று வருகிறது. நான் எடுக்காததை எப்படி ஒப்புக்கொள்வது?

காதர் சாச்சா: எதிலும் கையெழுத்துப் போடாதே.

உம்மா: போடாதே வாப்பா

காதர் சாச்சா: பேசாமல் இரு. நாம் பதிலே போடாவிட்டால் என்ன செய்துவிடுவான்?

அனீஸ் மச்சான்: மாமா, பேசாமல் இருந்து பெரியபட்டினம் தோப்பு போனது போதாதா?

காதர் சாச்சா: அதை ஏன் இப்போது இழுக்கிறாய்?

ஜமீலா மாமி: ரியாஸ், கடிதத்தை அப்படியே படம் எடுத்துப் போடு. யாரும் அவசரப்பட வேண்டாம்.

ரியாஸ்: [படம்]

நூரு பெரியம்மா: கருப்பட்டி விலை ஏறுகிறது. சீக்கிரம் சொன்னால் நல்லது.

ஜமீலா மாமி: படித்துவிட்டேன். உன்னிடம் இரண்டு வேலை கேட்டிருக்கிறார்கள். கடிதம் கிடைத்தது என்று சொல்வது ஒன்று, அதற்கு ரெஸ்பான்ட் பண்ணுவது, அதாவது பதில் சொல்வது, இன்னொன்று. நீ இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொண்டு பயப்படுகிறாய். அதில் இருப்பது 'அக்னாலெட்ஜ் ரிசீட்'. நீ முதல் சொல்லை மட்டும் போட்டுப் பார்த்திருக்கிறாய். பக்கத்தில் 'ரிசீட்' வந்தால் 'கைக்குக் கிடைத்தது' என்பதோடு சரி. முன்பு ரிஜிஸ்டர் தபாலோடு வரும் அட்டையில் கையெழுத்துப் போட்டுத் தபால்காரரிடம் திருப்பிக் கொடுப்போமே, அதற்குப் பெயரே அக்னாலெட்ஜ்மென்ட் கார்டுதான். தபால் வந்து சேர்ந்தது என்பதற்குத்தான் அந்தக் கையெழுத்து. உள்ளே எழுதியதை ஏற்றுக்கொண்டதாக ஆகாது. 'அக்னாலெட்ஜ்' பக்கத்தில் 'மிஸ்டேக்' என்று இருந்தால் நீ பயப்படுவதில் நியாயம் உண்டு. அப்படி எங்கும் இல்லை.

அனீஸ் மச்சான்: தோப்பு வழக்கில் அந்த அட்டையில் அன்றைக்குக் கையெழுத்துப் போட்டிருந்தால்.

ஃபாத்திமா லாத்தா: நீங்கள் சும்மா இருங்கள்.

அனீஸ் மச்சான்: ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறேன். அந்த வழக்குக் கட்டை நான் பார்த்திருக்கிறேன். தபாலை வாங்க மறுத்தால் கோர்ட்டில் அது வந்து சேர்ந்ததாகவே கணக்கு. சம்மன் கிடைத்த 30 நாளில் எதிருரை போட வேண்டும். கோர்ட் மனது வைத்தால் 90 நாள் வரை. நம் பக்கம் ஒருவரும் போகவில்லை, எக்ஸ்பார்ட்டி ஆகிவிட்டது, நாம் இல்லாமலேயே முடித்துவிட்டார்கள். கோர்ட்டில் மனு போட்டால் எதிர்ப்பக்கத்துக்காரனுக்கு இங்கிலீஷில் பெயரே ரெஸ்பான்டன்ட்தான். ரெஸ்பான்ட் பண்ணத்தான் அவனைக் கூப்பிடுகிறார்கள்.

காதர் சாச்சா: வாங்க வேண்டாம் என்று நான் மட்டுமா சொன்னேன்? உங்கள் பெரியவாப்பாவும்தான்

காதர் சாச்சா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

உம்மா: மௌத்தானவர்களைப் பேச வேண்டாம்

ரியாஸ்: மாமி, இங்கே மணி 9 ஆகிறது. மேனேஜர் 12 மணிக்கு வருவார்.

ஜமீலா மாமி: இங்கே பத்தரை. நேரம் இருக்கிறது. நீ எழுதி வைத்ததைப் போடு.

ரியாஸ்: 'ஐ ரிட்டார்ட் டு யுவர் லெட்டர் அஸ் ஃபாலோஸ்.' இவ்வளவுதான் எழுதினேன். பதில் என்று தேடினால் ரிப்ளை, ஆன்சர், ரெஸ்பான்ட், ரிட்டார்ட் எல்லாம் ஒரே வரிசையில் வந்தன. ரிட்டார்ட் கொஞ்சம் கௌரவமாக இருக்கும் என்று நினைத்தேன்.

அனீஸ் மச்சான்: யா அல்லாஹ்

ஜமீலா மாமி: நல்லவேளை, அனுப்பாமல் கேட்டாய். லத்தீனில் முறுக்குவதற்குச் சொல்லும் வினையிலிருந்து வந்தது ரிட்டார்ட். 'டார்ச்சர்' கூட அதே வேர். ஒருவன் சொன்னதை முறுக்கி அவன் மேலேயே எறிவதுதான் அது. 'எதிர்த்துப் பேசினான்' என்பதற்கு ஆகும், ஆபீஸ் கடிதத்துக்கு ஆகாது.

ரிப்ளை என்றால் லத்தீனில் மடித்துத் திருப்புவது. வந்ததற்குத் திரும்ப ஒன்று போகிறது, அவ்வளவே. கேள்வி ஒன்று இருந்து, அது தீர்ந்தால் ஆன்சர். 'ரிப்ளை வந்தது, ஆன்சர் வரவில்லை' என்று சொல்ல முடியும். அது மட்டும் இல்லை, கதவைத் தட்டினால் போய்த் திறப்பதும் இங்கிலீஷில் ஆன்சர்தான். பழைய இங்கிலீஷில் ஆன்சருக்கு ஒரு பழிக்கு எதிராகச் சத்தியம் செய்து சொல்வது என்று பொருள். 'ஸ்வேர்' அந்தச் சொல்லுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது.

ரெஸ்பான்டுக்குப் பேச்சே தேவையில்லை. உடம்பும் ரெஸ்பான்ட் பண்ணும்.

ஃபாத்திமா லாத்தா: உம்மம்மா ஐசியுவில் இருந்தபோது டாக்டர் அதைத்தான் சொன்னார். ரெஸ்பான்ட் பண்ணுகிறார்கள் என்று. கண் திறக்கவில்லை. நான் விரலைப் பிடித்திருந்தேன். 'உம்மம்மா, ஃபாத்திமா வந்திருக்கேன்' என்றதும் சுண்டுவிரலை இரண்டு தடவை அழுத்தினார்கள்.

உம்மா: ஆமா. இரண்டு தடவை

நூரு பெரியம்மா: அல்லாஹ் சொர்க்கத்தைக் கொடுக்கட்டும்.

ரியாஸ்: ஆமீன்.

காதர் சாச்சா: ஆமீன்.

ஜமீலா மாமி: ஆமீன். அந்தச் சுண்டுவிரலுக்கு வேறு சொல் கிடையாது ஃபாத்திமா. அது ரிப்ளை இல்லை, ஆன்சர் இல்லை.

ரியாஸ், இதையும் கேட்டுக்கொள். ரெஸ்பான்டுக்கு லத்தீனில் வேர், வாக்குறுதி கொடுப்பது. உன் விசாவுக்கு கஃபீல் இருக்கிறாரே, ஸ்பான்சர், அந்தச் சொல்லும் அதே வேர்தான். ரெஸ்பான்சிபிள் அதிலிருந்து வந்தது. நம் வீட்டில் ஜவாப் என்று சொல்வோமே, அதிலிருந்து ஜவாப்தாரி வந்தது போல. உன்னிடம் கேட்டிருப்பது ஜவாப். அதை நீ பொறுப்போடு சொல்ல வேண்டும், ஒவ்வொரு பாயின்டுக்கும்.

காதர் சாச்சா: பொறுப்பு இவனுக்கு எப்படி? அந்த வாரம் குடோன் சாவி யாரிடம் இருந்தது என்று திருப்பிக் கேட்கச் சொல்லு டீச்சரம்மா. அதுவும் பதில்தானே?

ஜமீலா மாமி: நல்ல கேள்வி காக்கா. நன்னூல் எட்டு வகை விடை சொல்கிறது, கேள்விக்குக் கேள்வியையே திருப்பிப் போடுவதும் அதில் ஒன்று. 'சாப்பிட்டாயா' என்றால் 'சாப்பிடாமல் இருப்பேனா' என்கிறோமே, அது. தமிழில் அது விடைதான். ஆனால் இந்தக் கடிதத்தில் முதல் வரியிலேயே அதைப் போட்டால் ரிட்டார்ட் என்றுதான் படிப்பார்கள். முதலில் இவன் எங்கே இருந்தான் என்று சொல்லட்டும், டிக்கெட்டைச் சேர்க்கட்டும். சாவி அதற்கு அப்புறம் வரட்டும்.

அனீஸ் மச்சான்: சரிதான். கோர்ட்டிலும் மனு, அதற்குப் பதிலாக கவுன்டர், அதற்கு மறுபதிலாகத்தான் ரிஜாய்ண்டர். ரிஜாய்ண்டரை யாரும் முதலில் போடுவதில்லை.

நூரு பெரியம்மா: வலீமா ஜூன் முதல் வாரம் என்றால் தடைக்காலம். 14ஆம் தேதி வரை விசைப்படகு போகாது. மீன் சொல்லி வைத்திருக்கிறவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

ஃபாத்திமா லாத்தா: நாட்டுப்படகு மீன் வரும் பெரியம்மா.

நூரு பெரியம்மா: முந்நூறு பேருக்கா?

ஜமீலா மாமி: ரியாஸ், இப்போதைக்கு இதை அனுப்பு: 'ஐ அக்னாலெட்ஜ் ரிசீட் ஆஃப் யுவர் லெட்டர். ஐ வில் ரெஸ்பான்ட் டு ஈச் பாயின்ட் பை தர்ஸ்டே.' இரண்டு வரி போதும். 'சாரி' போடாதே, கோபமும் வேண்டாம்.

உம்மா: கையெழுத்துப் போடலாமா

ஜமீலா மாமி: இதற்குப் போடலாம் மைனி. தைரியமாகப் போடட்டும்.

ரியாஸ்: அனுப்பிவிட்டேன்.

ரியாஸ்: உடனே ஒன்று வந்துவிட்டது. 'தேங்க் யூ ஃபார் யுவர் ஈமெயில்' என்று.

ஜமீலா மாமி: அது ஆட்டோ ரிப்ளை. மெஷின் போடுவது. அவர்களுடைய ரெஸ்பான்ஸ் இனிமேல்தான் வரும். ராத்திரி மஃரிப் தொழுகைக்கு அப்புறம் கூப்பிடு, பாயின்ட் பாயின்டாக உட்காருவோம்.

காதர் சாச்சா: சாவி விஷயம் எழுதும்போது எனக்கும் காட்டு. அனீஸும் பார்க்கட்டும். தோப்பு மாதிரி ஆகக் கூடாது.

அனீஸ் மச்சான்: சரி மாமா.

ரியாஸ்: மூன்றாவது பாயின்டில் லெட்ஜரில் என் கையெழுத்து இருக்கிறது என்கிறார்கள். அதற்கு என்ன சொல்வது என்று இன்னும் தெரியவில்லை.

ஜமீலா மாமி: எந்தத் தேதியில்?

நூரு பெரியம்மா: பத்து கிலோ என்று சொல்லிவிடட்டுமா?

ஃபாத்திமா லாத்தா: பதினைந்து. இருங்கள், மாப்பிள்ளை வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்.