கல்லும் மேடுபள்ளமுமான நிலத்துக்கு ரைடு-ஆன் மோவர் (உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி வண்டி) வாங்கப் போகிறீர்களா?

மெல்பர்னை விட்டு வெளியே வந்து பல்லராட், பாக்கஸ் மார்ஷ், கில்மோர் பக்கம் ஓரிரு ஏக்கரோடு வீடு வாங்கிய நம்மவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "அண்ணா, எத்தனை குதிரைத்திறன் எஞ்சின் வாங்கலாம்?" என்பதுதான். எஞ்சினைக் கடைசியாகப் பார்த்துக்கொள்ளலாம். முதலில் உங்கள் நிலத்தைக் காலால் நடந்து பாருங்கள்.

ஒரு ஏக்கர் என்றால் 100 சென்ட். ஊரில் ஐந்து சென்ட் மனையில் வளர்ந்தவர்களுக்கு அது கையில் பிடிபடவே ஒரு வருஷம் ஆகும். இங்கே மெல்பர்னுக்கு மேற்கே இருப்பது எரிமலைச் சமவெளி, மண்ணுக்குள் கருங்கல் நிறையக் கிடக்கும். குளிர்கால மழையில் மண் கரையக் கரையக் கல் தலைகாட்டும். செப்டம்பரில் வெயில் வந்ததும் பலாரிஸ் புல் கிடுகிடுவென்று இடுப்பு வரை எழும்பி அந்தக் கல்லையெல்லாம் மறைத்துவிடும்.

எங்கள் முதல் அக்டோபரில் நடந்ததைச் சொல்கிறேன். கடைக்காரர் "இரண்டு ஏக்கருக்கு இது தாராளம்" என்று சொன்ன லான் டிராக்டரை, அதாவது சின்ன டிராக்டர் வடிவிலான ரைடு-ஆன் மோவரை, வாங்கி வந்து, நீளப் புல்லுக்குள் நேராக ஓட்டினேன். டங் என்று ஒரு சத்தம். சீட்டுக்கு அடியில் வண்டி உதற ஆரம்பித்தது. எஞ்சினை நிறுத்தி, ஸ்பார்க் பிளக் ஒயரைக் கழற்றிவிட்டு அடியில் பார்த்தால், பிளேடு மாட்டியிருக்கும் ஸ்பிண்டில் என்ற சுழலும் தண்டு வளைந்திருந்தது. பிளேடை மூடியிருக்கும் உலோகக் கூடான டெக்கின் ஓரத்தில் விரல் நீளத்துக்கு விரிசல். மோதிய கல் வெளியே தெரிந்தது ஒரு தட்டு அளவுதான். அடுத்த வாரம் தோண்டி எடுத்தபோது ஆட்டுக்கல் அளவு இருந்தது. அந்த டெக் மெல்லிய தகட்டை அச்சில் அழுத்திச் செய்தது. பூங்கா மாதிரிச் சமமான புல்தரைக்கு அது போதும். நம் நிலத்துக்குப் போதாது.

அதனால் நீங்கள் பார்க்கவேண்டிய முதல் விஷயம் டெக். தடித்த தகடுகளை வெட்டி வெல்டிங் செய்த டெக் வாங்குங்கள். விலை கூடும், ஆனால் தாங்கும். இரண்டாவது, பிளேடு. ஒற்றைப் பட்டை பிளேடு கல்லில் பட்டால் அடி முழுவதும் ஸ்பிண்டிலுக்குப் போகும். வட்டத் தகட்டின் ஓரத்தில் சின்னச் சின்னதாக மாட்டியிருக்கும் மடங்கும் பிளேடு என்றால், கல்லில் பட்டதும் உள்ளே மடங்கிக்கொள்ளும். காக்ஸ், கிரீன்ஃபீல்டு போன்ற ஆஸ்திரேலிய மோவர்களில் இந்த அமைப்பைப் பார்க்கலாம். கரடுமுரடான நிலத்துக்கு என் வோட்டு இதற்குத்தான். டெக் அகலமும் ரொம்ப வேண்டாம். 38 அல்லது 42 அங்குலம் மேடுபள்ளத்தோடு ஒத்துப்போகும். அதற்கு மேல் போனால் மேட்டில் சுரண்டும், பள்ளத்தில் புல்லை விட்டுவிடும்.

நின்ற இடத்திலேயே திரும்பும் ஜீரோ-டர்ன் மோவர் பார்க்க ஆசையாக இருக்கும், வேகமும் அதிகம். ஆனால் சரிவில், அதுவும் ஈரப் புல்லில், வழுக்கினால் அதைக் கட்டுப்படுத்துவது கஷ்டம். சரிவு இருந்தால் தவிர்த்துவிடுங்கள். லான் டிராக்டருக்கும் 15 டிகிரிதான் பொதுவாகச் சொல்லப்படும் எல்லை. சரிவில் குறுக்காக ஓட்டாமல் மேலும் கீழுமாக ஓட்டுங்கள், சரிவில் திருப்பாதீர்கள். சீட்டிலிருந்து எழுந்தால் எஞ்சினை நிறுத்தும் ஸ்விட்சைச் சிலர் ஒயர் போட்டு ஏமாற்றி வைத்திருப்பார்கள். பழைய வண்டி வாங்கினால் இதைக் கட்டாயம் சோதியுங்கள். குழந்தையை மடியில் வைத்து ஓட்டவே கூடாது.

ஒரு வருஷம் வெட்டாமல் கிடந்த புல் என்றால் முதல் முறை மோவரை இறக்காதீர்கள். டிராக்டருக்குப் பின்னால் மாட்டி நீளப் புல்லை வெட்டும் ஸ்லாஷர் வைத்திருப்பவரைக் கூப்பிட்டு ஒருமுறை வெட்டவிட்டு, தெரியும் கல்லையெல்லாம் பொறுக்குங்கள். எடுக்க முடியாத கல்லுக்குப் பக்கத்தில் ஒரு குச்சி நட்டு வையுங்கள். பிறகு வெட்டும்போது எஞ்சின் முழு வேகத்தில், வண்டி மெதுவாக. முதல் சுற்று உயரமாக, இரண்டாவது சுற்று தாழ்வாக.

பராமரிப்பில் எல்லாரும் விடுவது டெக்கின் அடிப்பக்கம். ஈரப் புல் அங்கே அப்பி, காய்ந்து, தகட்டை அரிக்கும். ஒவ்வொரு முறையும் சுரண்டிவிடுங்கள். புதிய எஞ்சினுக்கு முதல் ஆயில் சில மணி நேர ஓட்டத்திலேயே மாற்றவேண்டும், அப்புறம் 50 மணி நேரத்துக்கு ஒருமுறை அல்லது வருஷத்துக்கு ஒருமுறை. ஏர் ஃபில்டரைக் கோடையில் அடிக்கடி பாருங்கள், இங்கே தூசி அதிகம். பட்டை பிளேடு தீட்டினால், நடுத்துளையைச் சுவரில் அடித்த ஆணியில் மாட்டிப் பாருங்கள். எந்தப் பக்கம் தாழ்கிறதோ அங்கே இன்னும் கொஞ்சம் அரம் போடுங்கள், பிளேடு கிடைமட்டமாக நிற்கும்வரை. எடை சமமில்லாத பிளேடு ஸ்பிண்டில் பேரிங்கைத் தின்றுவிடும். மடங்கும் பிளேடு என்றால் ஒன்றை மட்டும் மாற்றாமல் செட்டாக, போல்ட்டோடு மாற்றுங்கள். பெட்ரோல் ஒரு மாதத்திலேயே கெட ஆரம்பிக்கும். குளிர்காலம் தொடங்கும் ஜூனில் வண்டியை நிறுத்தும்போது டாங்க்கைக் காலி செய்யுங்கள் அல்லது பெட்ரோல் கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் ஊற்றுங்கள்.

இதையெல்லாம் நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் தீ. 2009 பிப்ரவரி 7, பிளாக் சாட்டர்டே காட்டுத்தீயில் இந்த விக்டோரியா மாநிலத்தில் 173 பேர் இறந்தார்கள். கோடைக்கு முன் வீட்டைச் சுற்றிப் புல்லை 10 சென்டிமீட்டருக்குக் கீழே வைக்கச் சொல்வது தீ பரவாமல் இருக்கத்தான். ஆனால் வெட்டும் வண்டியே தீ வைக்கவும் கூடும். சைலன்சரைச் சுற்றிக் காய்ந்த புல் சேர்ந்தாலோ பிளேடு கல்லில் பட்டுப் பொறி பறந்தாலோ போதும். டிசம்பருக்கு முன்பே பெரிய வேலையை முடித்துவிடுங்கள். அதற்குப் பிறகு வெட்டவேண்டி வந்தால் காற்றில்லாத காலை நேரத்தில் மட்டும், தோளில் மாட்டும் 9 லிட்டர் தண்ணீர் ஸ்பிரேயர் நிரப்பிப் பக்கத்தில் இருக்கவேண்டும். டோட்டல் ஃபயர் பேன் (வெளியில் தீ மூட்ட முழுத் தடை) அறிவித்த நாளில் சாவியைத் தொடவே வேண்டாம். வேலை முடிந்தபின் அரைமணி நேரம் வெளியே நின்று, வெட்டிய இடத்தில் எங்காவது புகை வருகிறதா என்று நான் பார்ப்பேன். மோவரைச் சூடு ஆறும்வரை ஷெட்டுக்குள் விடுவதில்லை.

வாங்குவதற்கு முன் ஒரு சந்தேகம் என்றால், ஏக்கர், சரிவு, கல் மூன்றையும் எழுதிக் கீழே கேளுங்கள். நிலத்தின் படம் ஒன்றும் போட்டால் பார்த்துச் சொல்கிறேன்.