பயனர் பக்கத்தில் உங்களைப் பற்றி என்ன எழுதி வைத்திருக்கிறீர்கள்? அனுபவங்களைப் பகிருங்கள்

விக்கிப்பீடியாவுக்குப் புதிதாக வருகிற பலர் கணக்கு தொடங்கியதுமே கட்டுரைக்குள் போய்விடுகிறார்கள், தங்களைப் பற்றி எழுதிக்கொள்வதற்கான பயனர் பக்கம் காலியாகவே கிடக்கிறது. யார் எதைத் திருத்தினார் என்று காட்டும் அண்மைய மாற்றங்கள் பட்டியலில் பயனர் பக்கம் இல்லாதவர் பெயர் சிவப்பாகத் தெரியும், இருந்தால் நீலம். சிவப்புப் பெயர்க்காரர் ஒரு முழுப் பத்தியை நீக்கியிருந்தால், துப்புரவு பார்க்கிறவர்களுக்குக் கை தானாகப் பழையபடி மீளமைக்கத்தான் போகும். அவர் நீக்கியது சரியாகவே இருக்கலாம். ஆனால் விஷமத் தொகுப்புகளை, அதாவது திருத்தங்களை, பார்த்துப் பார்த்துச் சலித்த கண்ணுக்கு அவர் யார், என்ன நோக்கத்தில் வந்திருக்கிறார் என்று எதுவும் தெரியாதே. இரண்டு வரி எழுதி வைத்தாலே பெயர் நீலமாகிவிடும், திறந்து படிக்கவும் ஏதாவது இருக்கும்.

அந்த இரண்டு வரியில் என்ன எழுதுவது என்பதில்தான் எனக்கு அழுத்தமான கருத்து இருக்கிறது. படிப்பு, பட்டம், வேலை இதெல்லாம் பெரிதாக உதவாது. நீங்கள் எந்தப் பக்கம் சாய்கிறவர் என்பதைச் சொல்லுங்கள், அதுதான் உதவும். மூலிகைக் கட்டுரைகளில் ஒருவர் தொடர்ந்து எழுதிக்கொண்டிருந்தார். தான் சித்த மருத்துவர், அந்த மருத்துவத்தில் தனக்கு முழு நம்பிக்கை உண்டு, ஆகவே நோய் குணமாகும் என்று எங்காவது எழுதினால் தயங்காமல் மேற்கோள் கேளுங்கள் என்று தன் பயனர் பக்கத்திலேயே போட்டிருந்தார். நானும் கேட்டேன். கட்டுரையைப் பற்றி விவாதிக்கும் பேச்சுப் பக்கத்தில் அவரே உட்கார்ந்து, மரபாகச் சொல்லப்படும் பயன்களை ஒரு பகுதியாகவும் ஆய்வில் சோதித்தவற்றை வேறொரு பகுதியாகவும் பிரித்தார், ஆதாரம் கிடைக்காத வரிகளைத் தானே எடுத்துவிட்டார். ஒரு சண்டையும் வரவில்லை. விக்கிப்பீடியாவின் கொள்கையான நடுநிலை நோக்கு என்றதும் கருத்தே இல்லாதவர்போல் நடந்துகொள்ள வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி ஒரு ஆள் எதற்காகக் கட்டுரை எழுத வரப்போகிறார்? பிடிப்பு உள்ளவர்கள்தான் வருவார்கள், பிடிப்பு எங்கே என்று தெரிந்தால் மற்றவர்கள் அந்த இடத்தைக் கூடுதல் கவனத்தோடு பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

இதற்கு நேர் எதிரான அனுபவமும் உண்டு. ஒரு நிறுவனத்தைப் பற்றிய கட்டுரையில் ஒருவர் புகழ்ச்சியாகவே சேர்த்துக்கொண்டிருந்தார், பயனர் பக்கம் காலி. உங்களுக்கும் அந்த நிறுவனத்துக்கும் தொடர்பு உண்டா என்று மரியாதையாகத்தான் கேட்டேன். பதில் வரவில்லை, அப்புறம் அதே மாதிரி வரிகளோடு வேறொரு கணக்கு வந்தது. பணம் பெற்று எழுதுகிறவர்கள் யாருக்காக எழுதுகிறார்கள் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பது 2014 முதல் விக்கிமீடியாவின் பயன்பாட்டு விதியிலேயே இருக்கிறது. பயனர் பக்கத்திலோ, பேச்சுப் பக்கத்திலோ, திருத்தத்தோடு எழுதும் சிறு குறிப்பான தொகுப்புச் சுருக்கத்திலோ ஓரிடத்தில் சொன்னால் போதும். சொல்லியிருந்தால் நாங்களே அவருக்கு உதவியிருப்போம்.

என் பக்கத்தில் இருப்பது இவ்வளவுதான்: எந்த மொழி எந்த அளவு தெரியும் என்று காட்டும் பேபல் பெட்டி, குறுங்கட்டுரைகளை நீக்குவதைவிட வளர்ப்பதையே விரும்புகிறேன் என்ற ஒரு வரி, கிரந்த எழுத்துகளை நான் குறைவாகவே பயன்படுத்துகிறேன், ஆனால் பிறர் எழுதிய கட்டுரையில் போய் மாற்றமாட்டேன் என்ற இன்னொரு வரி. இந்தக் கடைசி வரி எனக்கு எத்தனையோ வீண் விவாதங்களைத் தவிர்த்துத் தந்திருக்கிறது. கிரந்தம் பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவின் பொது உரையாடல் பக்கமான ஆலமரத்தடியில் நடந்த உரையாடல்களைப் படித்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். உங்கள் பக்கத்தில் என்ன இருக்கிறது?

மறுமொழி:
நீங்கள் சொல்வதோடு ஒத்துப்போகிறேன், ஆனால் பெண்களுக்கு ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும். கருத்தைச் சொல்லுங்கள், அடையாளத்தைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. என் தோழி ஒருத்தி ஆர்வத்தில் முழுப்பெயர், வேலை செய்யும் இடம், புகைப்படம் எல்லாம் போட்டுவிட்டாள். ஒரு கட்டுரைத் தகராறில் எதிர்ப்பக்கம் இருந்தவர் அவள் அலுவலகத்துக்கே மின்னஞ்சல் அனுப்பினார். அவள் உடனே பக்கத்தை அழித்தாள், ஆனால் நீங்கள் அழித்தாலும் பழைய பதிப்பு அந்தப் பக்கத்தின் வரலாற்றில் அப்படியே இருக்கும், யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். நிருவாகியிடம் கேட்டு அந்தப் பதிப்புகளை மறைக்கச் சொன்ன பிறகுதான் அவளுக்கு நிம்மதி. அதற்குள் யாராவது நகல் எடுத்திருந்தால் அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. நான் புனைபெயரில்தான் எழுதுகிறேன். என்னென்ன துறைகளில் எழுதுவேன், எதில் எனக்குச் சொந்த ஈடுபாடு உண்டு என்பது மட்டும் பக்கத்தில் இருக்கிறது, அதை வைத்தே மற்றவர்கள் என்னை நம்பிப் பேசுகிறார்கள்.

மறுமொழி:
கட்சிக் கொடி போடுவது பற்றி யாரும் சொல்லவில்லையே. ஆங்கில விக்கிப்பீடியாவில் 2006 வாக்கில் பயனர் பெட்டிகளை வைத்தே பெரிய சண்டை நடந்தது, பக்கத்தில் அரசியல், மத நிலைப்பாட்டுப் பெட்டிகளை ஒட்டலாமா கூடாதா என்று. எனக்குத் தெரிந்த ஒருவர் கொடியைப் போட்டிருந்தார், தேர்தல் முடிவுகளை அட்டவணையாக்குவதில் கெட்டிக்காரர், வெறும் எண்களைத் திருத்தினாலும் சந்தேகப்பட்டார்கள். கொடியை எடுத்துவிட்டு, ‘நான் இந்தக் கட்சியின் ஆதரவாளன், அதன் தலைவர்களைப் பற்றிய கட்டுரைகளைத் தொடமாட்டேன், அட்டவணைகளில் பிழை கண்டால் பேச்சுப் பக்கத்தில் சொல்லுங்கள்’ என்று எழுதினார். சொன்னது அதே செய்திதான். ஆனால் கொடி இருந்தவரை அவரோடு மோத வந்தவர்கள், அப்புறம் அட்டவணையில் பிழை இருந்தால் சொல்ல வந்தார்கள்.

நான் கேட்க நினைப்பது இது: பார்வை மாறிவிட்டால் பழைய வரியை அடித்துவிட்டு அருகில் புதியதை எழுதுகிறீர்களா, இல்லை மொத்தமாக மாற்றிவிடுகிறீர்களா? நான் அடித்த வரியை விட்டுவைக்கிறேன்.