ஊடலை வேண்டாம்: புளூரூத்துக்கான பொதுச்சொல்

வணக்கம்.

புளூரூத்துக்கு 'ஊடலை' என்பதே நிலைக்கட்டும் என்ற முன்மொழிவை ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. ஊடாகச் செல்லும் அலை என்று அதற்குப் பொருள் கூறினாலும், வானொலி அலைகள் யாவும் ஏதோ ஒன்றினூடாகச் செல்வனவே ஆகையால், அச்சொல் எதையும் பிரித்துக் காட்டவில்லை. மேலும், 'ஊடலை நிறுத்து' என்று எழுதினால், யாழ்ப்பாணத்துத் தொலைபேசிக் கடையில் நிற்கும் பெடியன் கருவியை அணைக்கக்கூடும். தமிழாசிரியர் தலைவியின் பிணக்கைத்தான் நினைப்பார். வைஃபையை 'அருகலை' என்றதும் முரணே: வீடு முழுவதும் எட்டுவது அருகலை என்றால், பொதுவாக ஏறத்தாழ 10 மீற்றர் எல்லைக்கென வகுக்கப்பட்டதை என்னவென்பது?

புளூரூத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்த 'நீலப்பல்' பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது 10ஆம் நூற்றாண்டு டென்மார்க் மன்னன் ஹரால்டின் பட்டப்பெயர். 1998இல் எரிக்சன், நோக்கியா, இன்ரெல், ஐபிஎம், தொஷிபா ஆகியன கூட்டாக அமைத்த குழுமத்தின் வணிகப் பெயருமாயிற்று. ஆட்பெயரை மொழிபெயர்க்க வேண்டியதில்லை. 'புளூரூத்' என்றே ஒலிபெயர்ப்போம். தமிழகத்தார் 'புளூடூத்' என்று எழுதுவதில் நமக்கு மறுப்பில்லை.

நமக்கு வேண்டியது அவ்வகைத் தொழினுட்பத்துக்கான பொதுச்சொல். வைஃபையும் நுண்ணலை அடுப்பும் இரையும் அதே 2.4 கிகாஹேர்ட்ஸ் மீடிறன் பட்டையில், புளூரூத்தின் மூல வடிவம் 79 தடங்களிடையே செக்கனுக்கு 1600 முறை தாவுகிறது. 2010இல் வந்த குறைசக்தி வடிவத்துக்கு 40 தடங்கள். ஆனால் பயனர் இத்தாவலை அறியார். ஒருமுறை இணைசேர்த்த செவிக்கருவி, அடுத்த முறை பக்கத்தில் வந்ததும் தன் தொலைபேசியை அடையாளங்கண்டு தானே சேர்ந்துகொள்வதைத்தான் அவர் அறிவார். அண்மையும் பழக்கமும் கலந்த இவ்வியல்புக்கு 'அணுக்கம்' பொருந்தும்; அரசனின் அருகிருந்த நம்பிக்கைக்குரியவனை அணுக்கன் என்றார்கள் அல்லவா? எனவே 'அணுக்கவிணைப்பு' என்பதை முன்வைக்கிறேன். 'அண்மை' என்பதைச் சில சென்ரிமீற்றருக்குள் இயங்கும் அண்மைப்புலத் தொடர்பாடலுக்கு (NFC) விட்டுவைப்பது நல்லது. முதலில் 'அணுக்கத் தொடுப்பு' என்றே எழுதியிருந்தேன். தொடுப்புக்கு ஊரில் உள்ள பொருள் நினைவுக்கு வந்ததும் அழித்துவிட்டேன்.

'அணுக்கவிணைப்பை நிறுத்து' என்பதில் மயக்கம் இல்லை. 'அணுக்கவிணைப்புச் செவிக்கருவி' நீளம் என்பது உண்மையே. அவ்விடத்தில் 'அணுக்கச் செவிக்கருவி' என்று குறுக்கலாம்.