கம்பளையில் இறங்குங்கள்

தம்பி (கொழும்பு): டிசம்பர் விடுமுறையில் நான்கு நாள் மலைநாட்டுக்கு வருகிறோம். நுவரெலியாவா, எல்லவா? எதற்கு டிக்கெட் எடுக்கட்டும்?

அக்கா (நாவலப்பிட்டி): இரண்டும் எங்கேயும் ஓடிவிடாது. இந்த முறை கம்பளையில் இறங்குங்கள்.

தம்பி: கம்பளையா? பஸ் மாறுகிற ஊர் அல்லவா அக்கா? அங்கே பார்க்க என்ன இருக்கிறது?

அக்கா: போன வாரம் வரைக்கும் நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன். பதினைந்து வருடமாக அந்தக் கடைவீதியில் அரிசி பருப்பு வாங்குகிறேன், ஒருநாளாவது நிமிர்ந்து பார்த்ததில்லை. 1341இல் நான்காம் புவனேகபாகு ஆண்டபோது அதுதான் தலைநகரம். மகாவலிக் கரை ஊர் என்பதால் கங்காசிறிபுர என்று பெயர்.

அக்கா: அரண்மனையைத் தேடிப் போனால் ஏமாற்றம்தான். பார்க்க வேண்டியவை ஊருக்கு வெளியே உடுநுவரப் பக்கம் இருக்கின்றன: எம்பக்க, லங்காதிலக, கடலாதெனிய என்ற மூன்று பழைய கோயில்கள். ஞாயிற்றுக்கிழமை அம்மாயியை அழைத்துக்கொண்டு முதல் இரண்டுக்கும் போய் வந்தோம்.

சித்தி (பதுளை): அம்மாவையா? அந்த முழங்காலோடு?

அக்கா: எம்பக்கவில் சிரமமே இல்லை சித்தி. கதிர்காமத் தெய்வத்தின் தேவாலயம் என்று சொன்னதும் வாசலிலேயே “அரோகரா” என்று கைகூப்பிவிட்டார். மூன்றாம் விக்கிரமபாகு காலத்துக் கோயில். மேளம் வாசிக்கும் மண்டபம் முழுவதும் மரத்தூண்கள். ஒவ்வொரு தூணிலும் நான்கு பக்கமும் செதுக்கல்: கழுத்துப் பின்னிய அன்னங்கள், மல்லர்கள், இரட்டைத் தலைப் பறவை. ஒன்றில் ஒரு தாய் பிள்ளைக்குப் பால் கொடுக்கிறாள். அம்மாயி அந்தத் தூணை விட்டு நகரவே இல்லை. “பிள்ளையின் காலைப் பார், உதைத்துக்கொண்டே குடிக்கிறது” என்றார்.

மாமா (ஹட்டன்): மகள், கூரையைப் பார்த்தாயா? நான் தச்சு வேலை பழகும்போது என் ஆசிரியர் எம்பக்கக் கூரையைப் பற்றித்தான் பேசிக்கொண்டே இருப்பார். 26 கைமரங்கள், ஒரே ஆப்பு.

அக்கா: பார்த்தேன் மாமா. மண்டபத்தின் ஒரு முனையில் 26ம் விசிறி மடிப்பு மாதிரி ஓரிடத்தில் வந்து கூடுகின்றன. மடொல் குருப்பாவ என்று அங்கே சொல்கிறார்கள். படம் அனுப்புகிறேன்.

மாமா: ஒவ்வொரு மரத்துக்கும் சாய்வு வேறு, துளையின் கோணமும் வேறு. ஒன்று தப்பினாலும் ஆப்பு இறங்காது. அளவு எடுத்த அந்தக் கையைக் கும்பிட வேண்டும்.

தம்பி: லங்காதிலக எப்படி?

அக்கா: அதைச் சொல்லத்தான் காத்திருக்கிறேன். மொட்டைப் பாறையின் மேல் செங்கல்லால் எழுப்பிய கோயில், 1344. கட்டுவித்தவர் சேனாலங்காதிகார என்ற அமைச்சர். சிற்பி ஸ்தபதிராயர், தென்னிந்தியாவிலிருந்து வந்தவர். முன்புறம் புத்தர். சுற்றியுள்ள தேவாலயத்தில் விபீஷணன், விஷ்ணு, பிள்ளையார் எல்லாரும் இருக்கிறார்கள்.

அக்கா: பக்கத்துப் பாறையிலேயே கல்வெட்டு. சிங்களத்திலும் இருக்கிறது, தமிழிலும் இருக்கிறது! இன்றைய எழுத்து மாதிரி இல்லை, கோடுகள் மங்கியிருக்கின்றன. மகன் குப்புறப் படுத்துக்கொண்டு ஒரு ‘க’வையும் ஒரு ‘த’வையும் கண்டுபிடித்துவிட்டான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சித்தி: தமிழிலா? அந்தக் காலத்திலேயா?

அக்கா: ஆமாம் சித்தி. நம் ஆட்கள் இந்தியாவிலிருந்து கோப்பித் தோட்டத்துக்கு வந்த கதை 1823இல் தொடங்குகிறது என்றுதானே படித்தோம்? அதுவும் இதே கம்பளையில், சிங்ஹபிட்டியவில்தான். அதற்கு 479 வருடத்துக்கு முன்பே, சில மைல் தள்ளி, ஒரு பாறையில் நம் எழுத்து. வெட்டியவர் நம் பாட்டன் இல்லைதான். ஆனாலும் இந்த மலையில் யாரும் நம் மொழியை அந்நியம் என்று சொல்லும்போது, அந்தப் பாறை என் நினைவுக்கு வரும். பிள்ளைகளுக்கு இதைக் காட்டாமல் எல்லவின் ஒன்பது வளைவுப் பாலத்தைக் காட்டி என்ன பயன்?

தம்பி: சரி அக்கா, கம்பளைக்கே எடுக்கிறேன். கடலாதெனியவுக்கும் போகலாம் அல்லவா?

அக்கா: கட்டாயம். அதுவும் 1344தான், ஆனால் கருங்கல். கணேசுவராசாரி என்ற தென்னிந்தியச் சிற்பி கட்டியது. மழை பிடித்ததால் எங்களுக்கு முடியவில்லை.

சித்தி: போயா நாளை, அதாவது பௌர்ணமியை, தவிர்த்துவிடுங்கள், கூட்டமாக இருக்கும்.

அக்கா: காலையிலேயே போய்விட வேண்டும். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் பாறையில் நடக்க வேண்டும், பதினொரு மணிக்கே உள்ளங்கால் பொறுக்காது. அம்மாயியை நிழலில் உட்கார வைத்துவிட்டுத்தான் மேலே போனேன். மதியத்துக்கு ரொட்டியும் கட்டச் சம்பலும் நான் கட்டிக்கொண்டு வருகிறேன்.

மாமா: நானும் வருகிறேன். அந்தப் படத்தில் ஆப்பின் தலை மட்டும்தான் தெரிகிறது மகள். அடியில் நின்று நான் பார்க்க வேண்டும்.